முறையீடும் அமானிதமும்

முறையீடு என்பது தமிழின் பழஞ்சொற்களுள் ஒன்று. முறை என்றால் நீதி. நீதி வேண்டி அதற்குரியவர் முன் எடுத்துரைப்பது முறையீடு. அமானிதம் என்பது அரபியிலிருந்து வந்து நம் வீட்டுப் பேச்சிலே தமிழாகிவிட்ட சொல். நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளுக்கு அப்பெயர். பக்கத்து வீட்டார் ஊருக்குப் போகும்போது கொடுத்து வைத்த நகை அமானிதம் என்பதை நம் குழந்தைகளும் அறிவார்கள். ஆனால் ஒருவர் நம்மிடம் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு, வேறு யாரும் கேட்டுவிட்டார்களோ என்று சுற்றுமுற்றும் திரும்பிப் பார்த்தாரானால் அந்தச் செய்தியும் அமானிதமே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தியிருப்பதை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ பாலியல் அத்துமீறலுக்கு ஆளான ஒரு பெண், முதன்முதலாக வாய் திறக்கும் நேரத்தில் அப்படித்தான் சுற்றுமுற்றும் பார்க்கிறாள். அவள் சொல்வது முறையீடு. கேட்பவரிடம் சேர்வது அமானிதம். இவ்விரண்டில் எது குலைந்தாலும் மற்றதும் குலைந்துவிடும். முறையிட்டவளின் பெயர் தெருவில் உருண்டால், அடுத்து ஒருத்தி முறையிட வரமாட்டாள். அமானிதம் என்ற பெயரால் முறையீட்டையே புதைத்துவிட்டால், தீங்கு செய்தவன் நாளை வேறொரு வீட்டுப் பிள்ளையை நாடிச் செல்வான்.

இதனை இன்று எழுத நேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. சேலத்திலிருந்து நாமக்கல் வரை விரிந்து கிடக்கும் இந்தச் சமவெளியில், ஸுப்ஹு தொழுகை முடிந்து சற்று நேரத்தில் நெடுஞ்சாலை ஓரம் நின்று பாருங்கள். முட்டை ஏற்றிய வண்டிகளும், கூண்டு கட்டுவதற்காக வந்து நிற்கும் புது லாரிகளும், திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகளும் செல்லும் அச்சாலையில் கல்லூரிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். அவற்றில் ஏறுவோரிடையே நம் பெண்மக்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலருடைய தாய்மார் எட்டாம் வகுப்போடு நின்றவர்கள். பாட்டிமார் பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாதவர்கள். மக்தபில் என் முன் அமர்ந்து அலிஃப், பா என்று எழுத்துக் கூட்டிய சிறுமியர் இன்று மருந்தியலும் கணினியியலும் பயில்கின்றனர். அப்படிச் செல்லும் ஒரு பெண்ணுக்குப் பின்னால் வடநாட்டுக்குச் சரக்கேற்றிச் சென்று வாரக்கணக்கில் வீடு திரும்பாத ஒரு தகப்பனின் உழைப்பு இருக்கிறது.

சென்னையில் நிகழ்ந்த ஒன்று இந்தச் சாலையோரத்தையும் உலுக்கியது. 23-12-2024 அன்று இரவு, கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே இரண்டாம் ஆண்டு பொறியியல் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். செய்தவர் மாணவருமல்லர், ஆசிரியருமல்லர். வெளியிலிருந்து வளாகத்துக்குள் புகுந்த ஞானசேகரன் என்பவர். மறுநாளே அந்த மாணவி முறையிட்டார். அதற்கடுத்த நாள் அவர் கைது செய்யப்பட்டார். நாடெங்கும் பேரெழுச்சி உண்டாயிற்று.

அந்தப் பெண்ணின் துணிவை நாடு முழுவதும் தலைவணங்கி ஏற்க வேண்டிய அந்நேரத்தில் மற்றோர் அநீதி நேர்ந்தது. அவரை அடையாளங்காட்டும் விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்து, கைபேசிக்குக் கைபேசி பறந்தது. நம்மவர் குழு ஒன்றிலும் அதனை யாரோ போட்டிருந்தார். ‘தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி’ என்று மேலே ஒரு குறிப்பும் இருந்தது. நான் அதனைத் திறவாமல் அழித்தேன்; போட்டவரையும் அழைத்து அழிக்கச் சொன்னேன். பிறர் வீட்டினுள் அனுமதியின்றி எட்டிப் பார்ப்பதற்கே இவ்வளவு கண்டிப்புக் காட்டும் மார்க்கத்தில், ஒரு பெண்ணின் வாழ்வின் மிகக் கொடிய இரவை எட்டிப் பார்ப்பதற்கு யாருக்கு அனுமதி இருக்கிறது? ஆகவே அந்த அறிக்கையில் என்ன இருந்தது என்பதை இக்கட்டுரையும் சொல்லாது.

சென்னை உயர்நீதிமன்றம் இந்த வழக்கைத் தானாகவே முன்வந்து கையிலெடுத்து, 28-12-2024 அன்று சில ஆணைகளைப் பிறப்பித்தது. மூன்று பெண் இ.கா.ப. அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டது. அறிக்கை கசிந்தமையால் அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த துன்பத்துக்கு இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் வழங்குமாறு அரசுக்கு ஆணையிடப்பட்டது. அவர் தம் படிப்பைத் தொடர்ந்து முடிக்கும்வரை கட்டணம் எதுவும் வாங்கலாகாது, மனநல ஆலோசனையும் வழங்கவேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு உத்தரவாயிற்று. 28-5-2025 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் 11 குற்றச்சாட்டுகளிலும் ஞானசேகரனைக் குற்றவாளி எனத் தீர்த்தது. 2-6-2025 அன்று, தண்டனைக் குறைப்பின்றிக் குறைந்தது 30 ஆண்டுகள் சிறையில் கழிக்கவேண்டிய ஆயுள் தண்டனையும் 90,000 ரூபாய் அபராதமும் விதித்தது. முறையிட்ட நாளிலிருந்து தண்டனை நாள் வரை ஆறு மாதங்கள்கூட ஆகவில்லை.

பெற்றோர் இவ்வழக்கில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம், தண்டனையைக் காட்டிலும் அந்த டிசம்பர் மாத ஆணையே என்பது என் எண்ணம். அப்பெண்ணின் பெயர் மறைவாக இருக்கவேண்டும். அவருடைய படிப்பு நிற்கக்கூடாது. நீதிமன்றம் இவ்விரண்டையும் அவருடைய உரிமைகளாகக் கருதியது. நம் வீடுகள் அப்படிக் கருதுகின்றனவா?

அந்த நாட்களில் ஒரு ஜும்ஆ தொழுகைக்குப் பின் நமது மஹல்லாவைச் சேர்ந்த ஒருவர் என்னைத் தனியே அழைத்துப் பேசினார். லாரி ஓட்டுநர், மகள் முதலாண்டு படிக்கிறாள். “ஹஜ்ரத், நான் பாதி நாள் ஊரிலேயே இருக்கிறதில்லை. பிள்ளையை நிறுத்திவிடலாமா என்று பார்க்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டார். அவர் கல்நெஞ்சர் அல்லர். மகளின் கட்டணத்துக்காக மனைவியின் வளையலை அடகு வைத்தவர். அச்சமே அவரைப் பேசவைத்தது. “உங்கள் மகளிடம் இதைப் பற்றிப் பேசினீர்களா?” என்றேன். “அவளிடம் எப்படி ஹஜ்ரத் இதைப் பேசுவது?” என்று தலையைக் குனிந்துகொண்டார்.

சில நாட்களுக்குப் பிறகு, என்னிடம் ஓதி இப்போது பட்ட மேற்படிப்பு முடித்திருக்கும் ஒரு பெண், தன் தாயாருடன் ஒரு விளக்கம் கேட்க வந்திருந்தாள். பேச்சு இப்பொருளின்மேல் திரும்பியது. கல்லூரியில் பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை என்று வினவினேன். அவள் தயங்காமல் விடையளித்தாள்: “ஹஜ்ரத், கல்லூரிக்குப் பயந்து சொல்லாமல் இருக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். வீட்டுக்குப் பயந்துதான் முக்கால்வாசிப் பேர் சொல்வதில்லை. சொன்னால் அத்தா அழுவார்கள்; அம்மா படுத்துவிடுவார்கள்; மறுநாள் பேருந்துக்குப் போக வேண்டாம் என்பார்கள். அடுத்த மாதம் மாப்பிள்ளை பார்க்க வருவார்கள். தப்புச் செய்தவன் வகுப்பில் இருப்பான். நாங்கள் வீட்டில் இருப்போம்.” அவளுடைய தாயார் அதனை மறுக்கவில்லை.

அவள் சொன்னதை நான் பல நாள் எண்ணிப் பார்த்தேன். மிரட்டுகிறவன் கையில் இருக்கும் முதல் ஆயுதம் என்ன? ‘உன் தகப்பனிடம் சொல்லிவிடுவேன், உன் வீட்டுக்குப் படம் அனுப்பிவிடுவேன்’ என்பதே. அந்த ஆயுதத்தைத் தீட்டிக் கொடுப்பது நாமே. தகப்பனுக்குத் தெரிந்தால் தகப்பன் தன் பக்கம் நிற்பார் என்று ஒரு பெண் உறுதியாக அறிந்திருந்தால், அந்த மிரட்டல் அவளிடம் செல்லுபடியாகாது. முறையிட்டதனால் நம் பிள்ளை எதையும் இழக்கக்கூடாது. படிப்பையும், பெயரையும், வீட்டாரின் அன்பையும் இழக்கக்கூடாது. இக்கட்டுரை சொல்ல வந்த செய்தி இவ்வளவே.

‘மார்க்கம் மறைக்கச் சொல்கிறதே’ என்பார் சிலர். இதனைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்பது உண்மையான நபிமொழி. ஆனால் அதனை யாருக்குப் பொருத்துவது? ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை கண்ட இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், தீங்கு செய்வதில் பேரெடுக்காத ஒருவரின் தடுமாற்றத்தை மறைப்பது குறித்தே அது சொல்லப்பட்டது என்றும், தீமை செய்வதையே வழக்கமாகக் கொண்டவனை மறைக்காமல் அதிகாரம் உடையவரிடம் கொண்டுசெல்வதே தகும் என்றும் பிரித்துக் காட்டுகிறார்கள். நம் மதரஸாக்களில் நாள்தோறும் வாசிக்கப்படும் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில், ஒருவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் பேசுவது ஆகுமாகும் ஆறு இடங்களை அதே இமாம் அவர்கள் எண்ணித் தருகிறார்கள். அவற்றுள் முதலாவது எது தெரியுமா? அநீதி இழைக்கப்பட்டவர் நீதிபதியிடமோ அதிகாரம் உடையவரிடமோ முறையிடுவது. இரண்டாவது, தீமையைத் தடுக்கப் பிறரின் உதவியை நாடுவது. தீய சொல் பகிரங்கமாக உரைக்கப்படுவதை அல்லாஹ் விரும்புவதில்லை என்று கூறும் திருமறையின் அந்நிஸா அத்தியாயம் 148ஆம் வசனமும், அநீதிக்குள்ளானவருக்கு அங்கேயே விலக்கு அளித்துவிடுகிறது. மறைப்பு என்னும் போர்வை அநீதிக்குள்ளானவளின் தோளுக்கு உரியது. அதனை உருவி, அநீதி செய்தவன்மேல் போர்த்துவதற்கு நமக்கு உரிமை இல்லை.

‘நான்கு சாட்சிகள் எங்கே?’ என்று கேட்போரும் உண்டு. அந்நூர் அத்தியாயம் நான்கு சாட்சிகளைக் கேட்பது, ஒழுக்கமுள்ள பெண்கள்மீது பழி சுமத்துவோரிடம். பெண்ணின் மானத்தைக் காப்பதற்காக இறங்கிய சட்டம் அது. அதனைத் தலைகீழாகத் திருப்பி, வன்முறைக்கு ஆளான பெண்ணின் வாயை அடைக்கப் பயன்படுத்துவது எவ்வளவு பெரிய கொடுமை! வாயில் இப்னு ஹுஜ்ர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி திர்மிதீயிலும் அபூதாவூதிலும் பதிவாகியுள்ளது. நபிகளார் காலத்தில் தொழுகைக்காகப் புறப்பட்டுச் சென்ற ஒரு பெண்ணை வழியில் ஒருவன் மேற்கொண்டு கெடுத்துவிட்டு ஓடினான். அவர் கூக்குரலிட்டார். அவ்வழியே சென்ற மற்றொருவரை மக்கள் தவறாகப் பிடித்துவிட்டனர். விசாரணையின்போது உண்மையில் செய்தவனே எழுந்து ஒப்புக்கொண்டான். அந்தப் பெண்ணிடம் நபிகளார் (ஸல்) நான்கு சாட்சிகளைக் கேட்கவில்லை; ‘இருட்டில் ஏன் தனியே வந்தாய்’ என்றும் கேட்கவில்லை. அல்லாஹ் உன்னை மன்னித்துவிட்டான், போய் வா என்று ஆறுதல் கூறி அனுப்பினார்கள். தவறாகப் பிடிபட்டவரிடமும் நல்ல சொற்களைச் சொன்னார்கள். முறையிட்டவளை நம்பிக் கேட்பதும், குற்றம் சாட்டப்பட்டவரை விசாரித்தே தீர்ப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

யூஸுஃப் அத்தியாயத்தை நாம் எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். அந்தச் சரித்திரத்தை அழகின் கதையாகவும் பொறுமையின் கதையாகவும் சொல்லி மகிழ்கிறோம். அதிகாரமுள்ள ஒரு வீட்டில், அதிகாரமற்ற ஓர் இளைஞர் தீய நோக்குக்கு இலக்கான கதையும் அது அன்றோ? சட்டை பின்புறம் கிழிந்திருந்தது. அந்த வீட்டைச் சேர்ந்த ஒருவரே அச்சான்றின் பொருளை எடுத்துரைத்தார். வீட்டுத் தலைவருக்கு உண்மை விளங்கிவிட்டது. விளங்கிய பின் அவர் செய்தது என்ன? இதனைப் பெரிதாக்காமல் விட்டுவிடுமாறு யூஸுஃபிடம் (அலை) கூறினார். பிறகு, சான்றுகளைக் கண்ணாரக் கண்டவர்களே குற்றமற்ற அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள். ஒரு நிறுவனம் தன் பெயரைக் காக்கப் பாதிக்கப்பட்டவரைப் பலி கொடுக்கும் வழக்கம் அன்றே இருந்திருக்கிறது. ஆண்டுகள் பல கழித்து மன்னன் விடுதலை செய்ய ஆளனுப்பியபோது, அவர்கள் உடனே வெளியே வந்துவிடவில்லை. அந்தப் பெண்களின் செய்தி என்னவாயிற்று என்று முதலில் விசாரிக்கச் சொல்லித் தூதரைத் திருப்பி அனுப்பினார்கள். விசாரணை நடந்தது, உண்மை வெளிப்பட்டது, அதன் பின்னரே விடுதலை. சிறையில் இருந்து விடுபடுவதைக் காட்டிலும் உண்மை நிலைநாட்டப்படுவதைப் பெரிதாகக் கருதிய ஒரு நபியின் உம்மத்துக்கு, ‘விட்டுவிடு’ என்று பிள்ளைகளிடம் சொல்வது பொருந்துமா? ஆண்பிள்ளைகளும் இத்தகைய துன்பத்துக்கு ஆளாகக்கூடும் என்பதும் இச்சரித்திரத்திலேயே அடங்கியிருக்கிறது.

தமிழ் மரபிலும் இதற்கு இணையான காட்சி ஒன்று உண்டு. பாண்டியன் அவையில் கண்ணகி அழுகையோடு மட்டும் வந்து நிற்கவில்லை. சிலம்போடு வந்து நின்றாள். அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்று உடைத்துக் காட்டினாள். விசாரியாமல் தீர்ப்பளித்த மன்னன் அந்த இடத்திலேயே உயிர்விட்டான். மதுரையை விட்டு வந்த கண்ணகி ஏறிய குன்று நம் திருச்செங்கோடே என்னும் கருத்தும் உண்டு. அக்கருத்துக்கு வரலாற்றுச் சான்று இருக்கிறதோ இல்லையோ, இன்று ஆயிரக்கணக்கான பெண்கள் கல்வி பயிலும் ஊராக அது விளங்குவதை எண்ணும்போது மனம் நெகிழ்கிறது. யூஸுஃப் நபியின் சட்டையும் கண்ணகியின் சிலம்பும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்றே: சான்றைக் காத்து வை. இன்றைய காலத்தில் அது கைபேசியில் வந்த செய்தியாக இருக்கலாம். அழைப்புகளின் பதிவாக இருக்கலாம். நடந்ததை நாளும் நேரமும் இட்டு அன்றே எழுதி வைத்த ஒரு தாளாகவும் இருக்கலாம். வெறுப்பு மேலிட்டு அவற்றை அழித்துவிட வேண்டாம் என்று நம் பெண்மக்களிடம் சொல்லி வைக்க வேண்டும்.

இனி, முறையிடும் இடம் எது என்பதைப் பார்ப்போம். சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1-1-1997 அன்று. சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் தோன்றியது அதே ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள். அதற்குச் சற்று முன், ஆகஸ்ட் 13ஆம் நாளில், உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் தீர்ப்பளித்தது. இராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முனைந்தமைக்காக 1992இல் கொடுமைக்கு ஆளான பன்வாரி தேவி என்னும் ஊழியரின் போராட்டம் அத்தீர்ப்புக்கு வித்திட்டது. பணியிடங்களில் பெண்கள் முறையிட ஒரு குழு இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். நமது சமவெளியில் உயர்கல்வி வேரூன்றிய ஆண்டும், முறையீட்டுக் குழு என்னும் கருத்து நாட்டில் வேரூன்றிய ஆண்டும் ஒன்றே. முதலாவதை நாம் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டோம்; இரண்டாவதை அறியாமலே இருக்கிறோம்.

2013இல் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. உயர்கல்வி நிலையங்களுக்கென்றே பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் 2016 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு ஒன்று இருந்தாக வேண்டும். அதன் தலைமை மூத்த பெண் பேராசிரியர் ஒருவருக்கு உரியது. உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்கவேண்டும். வெளியிலிருந்து ஓர் உறுப்பினரும், மாணவர் தொடர்பான வழக்காயின் மாணவர் மூவரும் இடம்பெற வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர் போன்ற உயர்பொறுப்பினர் அதில் உறுப்பினராகக் கூடாது. நிறுவனத்தின் பெயரைக் காக்கும் கவலை விசாரணையைக் கெடுத்துவிடக் கூடாது என்பதே இதன் நோக்கமாக இருக்கவேண்டும்.

நிகழ்ச்சி நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்து வடிவில் முறையிடவேண்டும். தக்க காரணம் இருப்பின் குழு மேலும் மூன்று மாதம் அவகாசம் தரலாம். உடலாலோ மனத்தாலோ முறையிட இயலாத நிலையில் இருப்பவருக்காக உறவினரோ, தோழியோ, உடன் பயில்பவரோ முறையிடலாம். விசாரணை 90 நாட்களில் முடியவேண்டும். முடிந்த 10 நாட்களில் அறிக்கை தரவேண்டும். அதிலிருந்து 30 நாட்களில் நிருவாகம் நடவடிக்கை எடுக்கவேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர்க்கும் தம் தரப்பைச் சொல்ல முழு வாய்ப்பு உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் ஆசிரியராயின், விசாரணைக் காலத்தில் அந்த மாணவியின் தேர்வையோ ஆய்வையோ அவர் மதிப்பிடாதபடி விலக்கி வைக்கலாம். ‘மதிப்பெண்ணில் கை வைத்துவிடுவார்’ என்ற அச்சத்துக்கு விதியிலேயே மருந்து இருக்கிறது. முறையீட்டை மெய்ப்பிக்க முடியாமற் போனது ஒன்றையே காரணமாக்கி, அது பொய் முறையீடு என்று தண்டிக்கவும் கூடாது. பணம் வாங்கிக்கொண்டு சமாதானம் ஆவதையும் சட்டம் ஏற்பதில்லை.

வன்கொடுமை, பின்தொடர்தல், மிரட்டல் போன்ற குற்றங்கள் நிகழ்ந்திருப்பின் கல்லூரிக் குழுவோடு நில்லாமல் காவல் நிலையத்துக்கும் செல்லலாம். 1-7-2024 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டங்களின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் பதியலாம். விடுதியில் தங்கிப் படிக்கும் பெண் ஊருக்கு வந்த பின் நாமக்கல்லிலேயே முறையிடலாம் என்பது இதன் பொருள். வன்கொடுமைக்கு ஆளானவருக்கு அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனையும் கட்டணமின்றி உடனே சிகிச்சை அளிக்கவேண்டும். அவருடைய அடையாளத்தை வெளியிடுவோருக்குச் சிறைத்தண்டனை உண்டு. வழி தெரியாமல் திகைப்போர் 181 என்னும் மகளிர் உதவி எண்ணை இரவு பகல் எந்நேரத்திலும் அழைக்கலாம்.

பதினெட்டு வயது நிரம்பாதவராயின் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பொருந்தும். கல்லூரியில் சேரும் முதலாண்டுப் பிள்ளைகளில் சிலர் அவ்வயதினரே. செய்தி அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது அச்சட்டத்தின் கட்டளை. தெரிவியாமல் மறைப்பதே குற்றம். உறைவிடப் பள்ளிகள் நிறைந்த இம்மாவட்டத்தில் பெற்றோர் இதனை அறிந்திருக்க வேண்டும். நம் மக்தபுகளும், பெண்களுக்கான அரபி மதரஸாக்களும் இச்சட்டத்துக்கு வெளியே இல்லை. கல்லூரியில் நடந்தால் குரல் எழுப்பி, ஓதுமிடத்தில் நடந்தால் வாய்மூடும் சமுதாயம் நீதியைப் பற்றிப் பேசும் தகுதியை இழந்துவிடும். மதரஸாவில் பயின்று மதரஸாவில் கற்பிக்கும் நானே இதனை எழுதுவது முறையென்று கருதுகிறேன்.

சட்டமும் குழுவும் எவ்வளவு செம்மையாக இருந்தாலும் அவை இரண்டாவது வாசலே. முதல் வாசல் வீடு. அங்கே என்ன செய்யவேண்டும்? பிள்ளை சொல்லத் தொடங்கினால் இடைமறிக்காமல் கேட்கவேண்டும். ‘அங்கே ஏன் போனாய், அவனோடு ஏன் பேசினாய்’ என்ற கேள்விகளை அடக்கிக்கொள்ள வேண்டும். அவள் சொல்வது முன்பின்னாக இருக்கலாம். சில சமயம் கண்ணீரே வராமல் மரத்துப்போன முகத்தோடு சொல்லலாம். அதனால் பொய்யென்று எண்ணிவிடக் கூடாது. பேரச்சத்துக்கு ஆளான மனம் அப்படித்தான் இருக்கும். உறக்கம் கெடுவதும், உணவு வெறுப்பதும், நெருங்கியவர் தொட்டாலும் துணுக்குறுவதும் பல மாதங்கள் நீடிக்கக்கூடும். ஓதிப் பார்ப்பது ஆறுதல் தரும். அதனோடு மருத்துவரிடமும் மனநல ஆலோசகரிடமும் அழைத்துச் செல்லவேண்டும். ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை.

அவளைக் கேளாமல் அவள் செய்தியை மாமாவிடமும் சாச்சாவிடமும் கொண்டுசெல்லக் கூடாது. யாரிடம் சொல்லலாம் என்பதை அமானிதத்துக்கு உரியவளே முடிவு செய்யட்டும். விசாரணைக்குச் செல்லும் நாளில் அவளோடு யாரேனும் உடன் செல்லவேண்டும். தகப்பனாரே சென்று அந்த அறையின் வாசலில் அமர்ந்திருப்பது ஆயிரம் அறிவுரைக்குச் சமம். எல்லாவற்றுக்கும் மேலாக, மறுநாள் காலை அவள் விரும்பினால் அதே பேருந்தில் அவள் ஏறிச்செல்ல வழி இருக்கவேண்டும்.

ஜமாஅத்துக்கும் இதில் பங்குண்டு. இத்தகைய செய்தி முத்தவல்லியிடம் வருமாயின், இரு தரப்பாரையும் அமர்த்திக் கட்டப்பஞ்சாயத்துப் பேசி, அபராதம் வாங்கிக் கொடுத்தோ, கெடுத்தவனுக்கே நிக்காஹ் செய்து வைத்தோ முடிப்பது நீதி அன்று. சட்டம் அறிந்த ஒரு வழக்கறிஞர், படித்த பெண்மணி ஒருவர் ஆகியோரின் உதவியை முன்கூட்டியே ஏற்பாடு செய்து, ‘துன்பம் நேர்ந்தால் இவர்களிடம் செல்லலாம்’ என்று பெண்களிடம் அறிவித்து வைப்பது ஒவ்வொரு மஹல்லாவாலும் இயலும். அநீதி செய்பவனுக்கும் உதவு, அவன் கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று நபிகளார் (ஸல்) உணர்த்தியிருக்கிறார்கள். தீங்கு செய்தவன் நம்மவன் மகனாக இருந்தாலும் அந்தக் கட்டளை மாறாது. அவனை மறைப்பது உறவுக்குச் செய்யும் நன்மையாகாது.

அந்த லாரி ஓட்டுநரிடம் நான் சொன்னதும் இதுவே: “நிறுத்திவிட்டால் பிள்ளைக்கு ஆபத்து நீங்கிவிடும் என்று எண்ணுகிறீர்கள். வீட்டிலும் தெருவிலும் ஆபத்து இல்லையென்று யார் உறுதி தருவார்? உங்களிடம் எதையும் சொல்லலாம் என்ற தைரியத்தை அவளுக்குக் கொடுங்கள். என்ன நடந்தாலும் உன் படிப்பு நிற்காது என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.” அவர் சற்று நேரம் பேசாதிருந்து, “சொல்லிப் பார்க்கிறேன் ஹஜ்ரத்” என்று போனார். அவருடைய மகள் இன்றும் கல்லூரிக்குச் செல்கிறாள்.

முஆத் (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு அனுப்பியபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறுதியாக விடுத்த எச்சரிக்கைகளுள் ஒன்று, அநீதி இழைக்கப்பட்டவரின் முறையீட்டைக் குறித்தது. அதற்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை எதுவும் இல்லை என்றார்கள். அர்ஷின் அதிபதி திரையின்றிக் கேட்கும் முறையீட்டுக்கு நம் வீட்டு வாசலில் நாம் திரை தொங்கவிடலாமா? நம் பிள்ளைகளின் நாவுக்குத் துணிவையும், அவர்கள் சொல்வதைக் கேட்க நமக்குச் செவியையும், கேட்டதைக் காக்கும் அமானித உணர்வையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.